டொராண்டோவின் கால்பந்து - 4: ஞாயிறு பிற்பகலின் உரிமை

1950ஆம் ஆண்டின் தொடக்கத்தில் டொராண்டோ நகர மக்கள் முன்னால் ஒரு கேள்வி வைக்கப்பட்டது. ஞாயிற்றுக்கிழமையில் விளையாட்டுப் போட்டிகளை அனுமதிக்கலாமா? ஆம், இல்லை என்று வாக்குச்சீட்டில் பதில் சொல்ல வேண்டும்.

இன்று அந்த நகருக்குப் போகிறவர்களுக்கு இப்படி ஒரு காலம் இருந்தது என்றே நம்பத் தோன்றாது. அன்றைய டொராண்டோவை ஆண்டவர்கள் பிரிட்டிஷ் புராட்டஸ்டன்டுகள். 'கனடாவின் பெல்ஃபாஸ்ட்' என்று அதற்குப் பட்டப்பெயரே இருந்தது. ஞாயிறு கர்த்தரின் நாள். ஈட்டன்ஸ் பெருங்கடையின் கண்ணாடிச் சாளரங்களில் அன்று திரை போட்டு மூடிவிடுவார்கள்; வேடிக்கை பார்ப்பதும் பாவம். பூங்காக்களில் பிள்ளைகள் ஆடும் ஊஞ்சல்களைக்கூடச் சங்கிலியால் கட்டிப் பூட்டி வைத்த காலம் உண்டு. தேவாலயங்கள் எதிர்த்தன, செய்தித்தாள்கள் எதிர்த்தன. ஆலன் லாம்போர்ட் என்ற நகரசபை உறுப்பினர் விடாப்பிடியாக நின்றார். மிகக் குறைந்த வித்தியாசத்தில் 'ஆம்' வென்றது. இரண்டே ஆண்டுகளில் லாம்போர்ட் மேயரும் ஆனார்.

அவர் மனத்தில் பேஸ்பாலும் ஹாக்கியும்தான் இருந்திருக்கும். ஆனால் ஞாயிறு பிற்பகல் திறந்துவிடப்பட்டதன் முழுப் பலனை அனுபவித்தவர்கள், அந்த வாக்கெடுப்பின்போது பெரும்பாலும் அந்த நகரத்திலேயே இல்லாதவர்கள். கப்பலில் வந்துகொண்டிருந்தவர்கள்.

கடந்த இதழ்களில் 1904 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற கால்ட் அணியையும், வட அயர்லாந்திலிருந்து வந்தவர்கள் கட்டி வளர்த்த அல்ஸ்டர் யுனைடெட்டையும் பார்த்தோம். அது ஸ்காட்லாந்துக்காரர்களும் ஆங்கிலேயரும் அயர்லாந்துக்காரர்களும் ஆடிய கால்பந்து. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அதன் முகமே மாறியது. 1951 கணக்கெடுப்பில் டொராண்டோப் பகுதியில் இத்தாலிய வம்சாவளியினர் ஏறத்தாழ 28,000 பேர். பத்தே ஆண்டுகளில் அது 1,40,000 ஆனது. 1956இல் சோவியத் டாங்கிகள் புடாபெஸ்ட்டுக்குள் நுழைந்தபின், கனடா முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஹங்கேரியர்களை ஏற்றுக்கொண்டது. போலந்துக்காரர்கள், உக்ரேனியர்கள், மாசிடோனியர்கள், குரோஷியர்கள், செர்பியர்கள், கிரேக்கர்கள், 1953 முதல் போர்ச்சுகீசியர்கள். போர் துரத்தியும் வறுமை துரத்தியும் வந்தவர்கள்.

வந்தவர்களுக்கு என்ன வேலை கிடைத்தது? சுரங்க ரயிலுக்குப் பள்ளம் தோண்டுவது, கான்கிரீட் கொட்டுவது, குழாய் பதிப்பது, செங்கல் அடுக்குவது. 1960 மார்ச் 17 அன்று ஹாக்ஸ் ஹாலோ என்ற இடத்தில் தண்ணீர்க் குழாய்க்கான சுரங்கத்தில் தீப்பிடித்து, உள்ளே இருந்த ஐந்து இத்தாலியத் தொழிலாளர்கள் இறந்தார்கள். பாதுகாப்புக் கருவிகள் எதுவும் முறையாக இல்லை. ஒன்டாரியோ மாகாணத்தின் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டங்கள் திருத்தப்பட்டதற்கு அந்த ஐந்து சாவுகள் காரணமாயின. நவீன டொராண்டோவின் அடித்தளம் யாருடைய தோள்மேல் நிற்கிறது என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு நிகழ்ச்சி போதும்.

வாரத்தில் ஆறு நாள் இப்படி உழைத்தவனுக்கு ஏழாம் நாள் ஒன்றுதான் மிச்சம். காலையில் பூசை. பிற்பகலில் பந்து. 1950க்கு முன்னால் வந்திருந்தால் அந்தப் பிற்பகல் அவனுக்குக் கிடைத்திருக்காது.

1926இல் தொடங்கிய நேஷனல் சாக்கர் லீக்கின் அணிப்பட்டியலைப் பார்த்தால் ஐரோப்பாவின் வரைபடத்தைப் பார்ப்பதுபோல் இருக்கும்: இத்தாலியா, ஹங்கேரியா, உக்ரேனியா, போலந்துக்காரர்களின் ஒயிட் ஈகிள்ஸ், ஃபர்ஸ்ட் போர்ச்சுகீஸ், 1956இல் பிறந்த டொராண்டோ குரோஷியா, 1968இல் பிறந்த செர்பியன் ஒயிட் ஈகிள்ஸ். இவற்றை வெறும் விளையாட்டு அணிகள் என்று எண்ணிவிடக் கூடாது. கழகத்தின் கூடத்தில்தான் வேலை பற்றிய தகவல் கிடைக்கும். எந்தக் கங்காணி கூலி ஒழுங்காகக் கொடுப்பான், எந்தத் தெருவில் அறை வாடகைக்கு இருக்கிறது, ஊரிலிருந்து யார் வந்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். பெண் பார்ப்பதும் அங்கே நடக்கும். ஆங்கிலம் தெரியாத ஒருவன் வாரம் முழுக்க வாய்மூடிக் கிடந்துவிட்டு, உரக்கப் பேசவும் பாடவும் கத்தவும் முடிந்த ஒரே இடம் கால்பந்து மைதானம். உச்சரிப்பைப் பார்த்து யாரும் சிரிக்க மாட்டார்கள்.

இந்தக் கூட்டத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டவர்களும் இருந்தார்கள். அவர்களில் முக்கியமானவர் ஸ்டீவ் ஸ்டாவ்ரோ. கிரேக்க மாசிடோனியாவின் கப்ரெஷ் கிராமத்தில் பிறந்து, சிறுவயதில் கனடாவுக்கு வந்து, மளிகைக் கடை வைத்து, அதையே 'நாப் ஹில் ஃபார்ம்ஸ்' என்ற பெரிய கடைத் தொடராக வளர்த்தவர். (பின்னாளில் மேப்பிள் லீஃப்ஸ் ஹாக்கி அணியின் அதிபரும் அவரே.) 1961இல் கிழக்குக் கனடாவுக்கென ஒரு தொழில்முறை லீக் உருவானபோது அதில் டொராண்டோ சிட்டி என்ற அணியை இறக்கிய முதலாளிகளில் அவர் ஒருவர். இங்கிலாந்தில் ஆட்டப் பருவம் முடிந்து வீரர்கள் சும்மா இருக்கும் கோடை மாதங்களில் அவர்களைக் கூட்டிவந்தார்கள். அந்த ஆண்டுதான் டாட்டன்ஹாம் அணிக்கு லீக், கோப்பை இரண்டையும் வென்றுகொடுத்த கேப்டன் டேனி பிளாஞ்ச்ஃபிளவர் வந்தார். இங்கிலாந்தின் கேப்டன் ஜானி ஹெய்ன்ஸ் வந்தார். 46 வயதில் ஸ்டான்லி மேத்யூஸ் வந்தார். புளூர் தெருவில் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான வார்சிட்டி அரங்கில் அவர்கள் ஆடினார்கள். எதிரே இத்தாலியா அணியும் அதன் சத்தமான ரசிகர்களும். அந்த லீக் 1966வரைதான் தாக்குப்பிடித்தது. அடுத்த ஆண்டு பார்சிலோனாவின் பழைய நாயகன் குபாலாவைக் கொண்டுவந்து டொராண்டோ ஃபால்கன்ஸ் என்று ஒரு முயற்சி நடந்தது. அதுவும் 1968உடன் முடிந்தது.

காசு போட்டவர்கள் தோற்றுக்கொண்டே இருந்தார்கள். சங்கக் கூடங்களில் பிறந்த அணிகள் மட்டும் ஞாயிறுதோறும் ஆடிக்கொண்டே இருந்தன. இந்த நகரின் கால்பந்து வரலாற்றில் நான் திரும்பத் திரும்பக் காண்பது இதைத்தான்.

இந்த இரண்டு உலகங்களும் நேருக்கு நேர் மோதிய கதை 1975இல் தொடங்குகிறது.

வட அமெரிக்க சாக்கர் லீக் அப்போது பெரிய கனவுகளோடு இருந்தது. அதே ஆண்டு நியூயார்க் காஸ்மோஸ் அணிக்குப் பெலே வந்து சேர்ந்தார். அந்த லீக்கில் டொராண்டோவின் சார்பில் 1971 முதல் ஆடிவந்தது டொராண்டோ மெட்ரோஸ். பணமும் இல்லை, பார்க்க ஆளும் போதவில்லை. மூழ்கும் நிலையில் இருந்த அந்த அணியைக் கைதூக்கிவிட முன்வந்தது டொராண்டோ குரோஷியா. தொழிலாளர்களும் சிறு வியாபாரிகளும் சேர்ந்து நடத்திய ஒரு சமூகக் கழகம் அமெரிக்க லீக் அணி ஒன்றுக்குள் தன் பணத்தைக் கொண்டுவந்து போட்டது. ஒரே நிபந்தனை: எங்கள் பெயர் இருக்க வேண்டும். அணி டொராண்டோ மெட்ரோஸ்-குரோஷியா ஆனது.

லீக் நிர்வாகத்துக்கு இது தொண்டையில் சிக்கிய முள். அமெரிக்க நடுத்தரக் குடும்பங்களுக்குக் கால்பந்தை விற்க அவர்கள் பாடுபட்டுக்கொண்டிருந்தார்கள். கால்பந்து என்றால் குடியேறிகளின் ஆட்டம் என்ற எண்ணத்தைப் போக்குவதே அவர்களுடைய முதல் வேலை. அந்த நேரத்தில் அணியின் பெயரிலேயே ஒரு தேசிய இனம். அதுவும் அன்றைய உலக வரைபடத்தில் தனி நாடாக இல்லாத ஒன்று! குரோஷியா அப்போது யூகோஸ்லாவியாவின் ஒரு பகுதி. அந்தப் பெயரைச் சட்டையில் போட்டுக்கொள்வது அவர்களுக்கு விளையாட்டு மட்டுமல்ல, ஓர் அரசியல் பிரகடனமும்கூட. கழகத்தார் அதை மறைக்கவும் இல்லை.

1976 பருவத்தில் அவர்கள் யூசேபியோவை அழைத்துவந்தார்கள். மொசாம்பிக்கில் பிறந்து, போர்ச்சுகலுக்காக 1966 உலகக்கோப்பையில் 9 கோல் அடித்தவர். இப்போது வயது 34. முழங்கால்கள் பலமுறை கத்தி கண்டவை. ஆனாலும் அந்தப் பருவத்தில் கோலுக்கு மேல் கோல் அடித்தார். டொராண்டோவின் போர்ச்சுகீசியக் குடும்பங்களுக்கு அவர் வீட்டுப் பிள்ளை. அவருடன் பிரேசிலின் இவாயர், குரோஷியாவிலிருந்து வந்த இவான் லுகாசெவிச், டொராண்டோவிலேயே பிறந்த இத்தாலிய வம்சாவளிப் பையன் பாப் இயாருசி. பெயரில் ஒரே இனத்தைத் தாங்கிய அணிக்குள் டொராண்டோ நகரமே இருந்தது. இதை லீக் நிர்வாகத்தில் எவரும் நின்று கவனித்ததாகத் தெரியவில்லை. எனக்கு அதில் இன்றும் ஆற்றாமை உண்டு.

பருவத்தின் நடுவில் பயிற்சியாளர் மாறினார். புதிதாக வந்த டோமகோய் கபெடனோவிச்சின் கீழ் அணி விழித்துக்கொண்டது. அரையிறுதியில், நடப்புச் சாம்பியன்களான டாம்பா பே ரவுடிஸை அவர்களுடைய மண்ணிலேயே 2-0 என்று வீழ்த்தினார்கள். 1976 ஆகஸ்ட் 28, சியாட்டில் நகரின் கிங்டோம் உள்ளரங்கு. செயற்கைப் புல்தரை. எதிரே மினசோட்டா கிக்ஸ். வெல்லப்போவது மினசோட்டா என்பதே பொதுவான எதிர்பார்ப்பு.

முதல் பாதி முடியும் தறுவாயில் ஒரு ஃப்ரீ கிக். யூசேபியோ பந்தின் முன் நின்றார். ஓடும் வேகம் போயிருக்கலாம், அந்த வலது காலின் விசை போகவில்லை. 1-0. பிறகு லுகாசெவிச், அதன்பின் இவாயர். 3-0. டொராண்டோவுக்கு ஒரு வட அமெரிக்கக் கால்பந்துச் சாம்பியன் பட்டம்.

ஆட்டத்தை அமெரிக்கா முழுவதும் ஒளிபரப்பிய தொலைக்காட்சியின் வர்ணனையாளர்கள் அணியின் முழுப் பெயரை உச்சரிக்கத் தவிர்த்து, 'டொராண்டோ' என்று மட்டுமே சொன்னார்கள் என்பது அந்த ஆட்டம் பற்றிய பதிவுகளில் இடம்பெறும் செய்தி. கோப்பையைக் கொடுத்தார்கள், பெயரைக் கொடுக்க மனம் வரவில்லை. கனடாவின் பிரதமர் பியர் ட்ரூடோ பன்முகப் பண்பாட்டை நாட்டின் கொள்கையாகப் பாராளுமன்றத்தில் அறிவித்து அப்போது ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. கொள்கை ஏட்டில் ஏறிவிட்டது. ஒரு கழகத்தின் பெயரை ஒலிபெருக்கியில் சொல்வதற்கு இன்னும் கூச்சம்.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இனத்தின் பெயரால் அமைந்த கழகங்களில் எல்லாமே பொன் அல்ல. குரோஷிய, செர்பிய அணிகள் மோதும் நாட்களில் கைகலப்பு நடந்திருக்கிறது. பழைய நாட்டின் பகை பந்தோடு சேர்ந்து உருண்டிருக்கிறது. தங்கள் ஆட்களைத் தவிர மற்றவர்களை வரவேற்கும் வழக்கம் சில கழகங்களுக்கு வரவே இல்லை. குடியேறியவர்களின் பிள்ளைகள் ஆங்கிலம் பேசி வளர்ந்தபின், அப்பாவின் கழகத்தில் அவர்களுக்கு என்ன வேலை என்பதைப் பலர் யோசிக்கவும் இல்லை. லீக் நிர்வாகத்தின் கவலையில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். இன்னொரு சங்கடமான உண்மையும் உண்டு. 1979இல் குளோபல் தொலைக்காட்சி நிறுவனம் அணியை வாங்கி, குரோஷியா என்ற பெயரை எடுத்துவிட்டு, 'டொராண்டோ பிளிசார்ட்' என்று பெயர் வைத்தபோது பார்வையாளர் எண்ணிக்கை கூடத்தான் செய்தது. விளம்பரத்துக்குப் பணம் இருந்தது, எக்சிபிஷன் அரங்கு பெரியது.

டொராண்டோ குரோஷியா கழகத்தார் என்ன செய்தார்கள்? வட அமெரிக்கச் சாம்பியன்களாக இருந்தவர்கள் அமைதியாக நேஷனல் சாக்கர் லீக்குக்குத் திரும்பிப்போய், பழையபடி உள்ளூர் மைதானங்களில் ஆட ஆரம்பித்தார்கள்.

இனி 1982. டொராண்டோவின் கால்பந்து வரலாற்றில் மிகப் பெரிய நாள் எது என்று கேட்டால், அந்நகரில் ஆடப்படாத ஓர் ஆட்டத்தின் நாளைத்தான் நான் சொல்வேன்.

அதற்கு முன் 1940க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு ஜூன் 10 அன்று முசோலினி போரில் குதித்தார். அன்றே கனடாவில் இத்தாலியர்கள் பகைவர்கள் ஆனார்கள். ஏறத்தாழ 31,000 பேர் 'எதிரி நாட்டார்' என்று பதிவு செய்யப்பட்டார்கள். சுமார் 600 ஆண்கள் பெட்டவாவா போன்ற முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். பெரும்பாலோர்மீது குற்றச்சாட்டு எதுவும் இல்லை. வீடுகளில் இத்தாலியப் புத்தகங்களையும் படங்களையும் ஒளித்தார்கள். தெருவில் தாய்மொழியில் பேசப் பயந்தார்கள். போருக்குப் பின் புதிதாக வந்தவர்களுக்கு வேறு விதமான அவமானம் காத்திருந்தது. ஊரில் சதுக்கத்தில் கூடி நின்று பேசிப் பழகியவர்கள், டொராண்டோ நடைபாதையில் நாலு பேராக நின்றால் போலீஸ்காரர் வந்து 'நகரு, நகரு' என்று விரட்டுவார். அந்தத் தலைமுறைப் பெரியவர்கள் பலரும் சொல்லிச்சொல்லி ஆறாத விஷயம் இது.

1982 ஜூலை 11. ஸ்பெயினில் உலகக்கோப்பை இறுதியாட்டம், இத்தாலியும் மேற்கு ஜெர்மனியும். மாட்ரிடில் இரவு எட்டு மணி. டொராண்டோவில் பிற்பகல் இரண்டு. கிழமை ஞாயிறு. செயின்ட் கிளேர் மேற்குச் சாலையில், டஃபரினுக்கும் லான்ஸ்டவுனுக்கும் இடையே உள்ள 'கோர்சோ இத்தாலியா' பகுதியின் காபிக் கடைகளிலும் சங்கக் கூடங்களிலும் தொலைக்காட்சிப் பெட்டிகளைச் சுற்றிக் கூட்டம் நெருக்கியடித்தது. முதல் பாதியில் கப்ரினி பெனால்டியை வெளியே அடித்தார். எத்தனை பேர் தலையில் கை வைத்திருப்பார்கள்! 57ஆவது நிமிடத்தில் பாவ்லோ ரோஸ்ஸி. 69இல் டார்டெல்லி, அடித்துவிட்டு இரு கைகளையும் முறுக்கிக்கொண்டு கத்தியபடி ஓடிய அந்த ஓட்டம். 81இல் அல்டோபெல்லி. கடைசியில் பிரைட்னர் ஒன்று திருப்பினார். 3-1.

கதவுகள் திறந்தன. வந்தவர்கள் நின்றுவிடவில்லை, வந்துகொண்டே இருந்தார்கள். நகரின் வடக்கே வான் பகுதியிலிருந்து, கல்லூரித் தெருவிலிருந்து, புறநகர்களிலிருந்து கார் கூரைகளில் கொடி கட்டிக்கொண்டு வந்தார்கள். சாலையின் நடுவில் டிராம் தண்டவாளங்கள் இருந்த இடமே தெரியவில்லை. அன்று செயின்ட் கிளேரில் கூடியவர்கள் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் என்று மதிப்பிட்டார்கள். பாட்டிகள் கறுப்புடையோடு இறங்கி ஆடினார்கள். இத்தாலியர் அல்லாதவர்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள். இரவு முழுக்க ஹார்ன் சத்தம். எந்தப் போலீஸ்காரரும் 'நகரு' என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நகர இடம் இல்லை.

தாங்கள் இந்த நகரத்துக்குச் சொந்தம் என்று உணர்ந்தது அன்றுதான் என டொராண்டோ இத்தாலியர் பலர் பிற்பாடு பேசியும் எழுதியும் இருக்கிறார்கள். கூலியாக வந்து, சுரங்கம் தோண்டி, வீடு கட்டி, வரி கட்டி, பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிய பின்னும் வராத உணர்வு, ஒரு ஞாயிறு பிற்பகலில் தெருவை நிறைத்தபோது வந்தது. அரசாங்கம் மன்னிப்புக் கேட்க 2021 மே மாதம்வரை ஆயிற்று. 1940இல் அடைக்கப்பட்டவர்களின் குடும்பங்களிடம் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டவர் ஜஸ்டின் ட்ரூடோ. தெரு அதை 39 ஆண்டுகளுக்கு முன்பே ஓரளவு தீர்த்து வைத்திருந்தது.

அந்த நாளை மற்றச் சமூகங்களும் பார்த்துக்கொண்டிருந்தன. உலகக்கோப்பை வந்தால் டொராண்டோவின் கார்களில் கொடிகள் முளைப்பதும், வென்ற நாட்டின் மக்கள் தங்கள் தெருவில் இறங்குவதும் அதன்பின் நகரின் வழக்கமாகவே ஆகிவிட்டது. 2002இல் கொரியர்கள் புளூர் தெருவில் சிவப்புச் சட்டையோடு நின்றார்கள். 2004இல் கிரீஸ் ஐரோப்பியக் கோப்பையை வென்ற அன்று டான்ஃபோர்த் சாலை நீலமும் வெள்ளையுமானது.

பிளிசார்ட் அணியின் கதையையும் முடித்துவிடுவோம். நல்ல ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். 1983இல் யுவென்டஸின் ராபர்டோ பெட்டேகா வந்தார். தென்னாப்பிரிக்காவின் ஏஸ் ன்ட்சோலெங்கோ இருந்தார். இனவெறி ஆட்சியின் காரணமாக அவருடைய நாடு உலகக்கோப்பையிலிருந்து விலக்கப்பட்டிருந்ததால், உலகம் முழுமையாகக் காணக் கிடைக்காத மேதை அவர். 1983 இறுதியாட்டத்தில் டல்சா அணியிடம் 2-0 என்று தோற்றார்கள். 1984இல் மீண்டும் இறுதிக்கு வந்தார்கள். அக்டோபர் 3, வார்சிட்டி அரங்கு. சிகாகோ ஸ்டிங் 3-2 என்று வென்றது. அதுவே அந்த லீக்கின் கடைசி ஆட்டமாகவும் அமைந்தது. அடுத்த பருவத்துக்குள் லீக் கலைந்துபோயிற்று. அதன் கதை முடிந்த அந்த மைதானம், 1961இல் மேத்யூஸும் பிளாஞ்ச்ஃபிளவரும் ஆடிய அதே மைதானம்.

எந்த அணியின் பெயர் தொலைக்காட்சிக்குப் பொருந்தாது என்று நீக்கப்பட்டதோ, அந்த டொராண்டோ குரோஷியா 1985 கோடையிலும் ஆடியது. அதன்பின் பல ஆண்டுகள் ஆடியது.

அதே ஆண்டுகளில் நகரின் கிழக்கே ஸ்கார்பரோவிலும், மேற்கே பிராம்ப்டனிலும் வேறு மனிதர்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். யமேக்காவிலிருந்தும் கயானாவிலிருந்தும் டிரினிடாடிலிருந்தும் வந்த குடும்பங்கள். 1983 ஜூலைக்குப் பின், யாழ்ப்பாணத்திலிருந்தும் கொழும்பிலிருந்தும் உயிர் பிழைத்து வந்த நம்மவர்கள். யாழ்ப்பாணத்துக் கரையோர ஊர்களில் கால்பந்து எவ்வளவு ஊறியது என்பது அங்கே பிறந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அவர்களுக்கு ஞாயிறு பிற்பகல் ஏற்கெனவே திறந்தே இருந்தது. ஆட மைதானம் கிடைப்பதுதான் பாடாக இருந்தது. அந்தப் புறநகர்த் தெருக்களில் வளர்ந்தவர்கள்தான் 2022 மார்ச் 27 அன்று, ஏரிக்கரை அரங்கில், தங்கள் பெற்றோர் பிறந்த யமேக்காவின் அணிக்கு எதிராகவே கோல் அடித்து, 36 ஆண்டுகளுக்குப் பின் கனடாவை ஆடவர் உலகக்கோப்பைக்கு அனுப்பினார்கள். பிராம்ப்டனின் மூன்று பையன்கள்: லாரின், புக்கனன், ஹாய்லெட். அவர்களை அடுத்த இதழில் சந்திப்போம்.

(தொடரும்)